மேக்சிமின் மகன் செய்த சைலன்சர்: காதுக்காகப் பிறந்ததா, கொலைக்காகவா?

பழையபட்டறை (இழையைத் தொடங்கியவர்)

நாற்பது ஆண்டுகளாக இருசக்கர வாகனங்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு பையன் புல்லட்டை ஓட்டிக்கொண்டு வந்து, சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரே அதிரும்படி வெறுங்குழாய் மாட்டித் தரச் சொன்னான். எதிர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டான்: "ஐயா, துப்பாக்கிக்கும் சைலன்சர் என்கிறார்கள், வண்டிக்கும் சைலன்சர் என்கிறார்கள். எது முதலில் வந்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

ஹைரம் பெர்சி மேக்சிம் 1869-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். மேக்சிம் என்ற பெயரைக் கேட்டதும் இயந்திரத் துப்பாக்கி நினைவுக்கு வரும். அதைச் செய்தவர் இவருடைய அப்பா ஹைரம் ஸ்டீவன்ஸ் மேக்சிம். அவர் 1881-இல் பாரிஸ் மின்பொருட்காட்சிக்காகக் கடல் கடந்து போனார். பிறகு லண்டனில் தங்கி, 1884-இல் தானாகவே தொடர்ந்து சுடும் துப்பாக்கியைச் செய்து காட்டினார். மகன் அம்மாவோடு அமெரிக்காவிலேயே வளர்ந்தார். எம்.ஐ.டி.யில் பொறியியல் முடித்தது 1886-இல், அப்போது வயது பதினேழுகூட நிறையவில்லை.

என்னைப் போன்ற பட்டறைக்காரனுக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். மாசசூசெட்ஸில் லின் என்ற ஊரில் பீரங்கிக் குண்டுத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தபோது, வெற்றுத் தோட்டாக் கூடு ஒன்றில் சில துளி பெட்ரோலை விட்டு, தீ வைத்து, அதன் வேகத்தைப் பார்த்திருக்கிறார். அந்தச் சில துளிகளுக்குள் அவ்வளவு வலு இருக்கிறதா என்று வியந்துதான் மோட்டார் வண்டிப் பக்கம் திரும்பினார். ஹார்ட்ஃபர்ட் நகரத்தில் மிதிவண்டி செய்துகொண்டிருந்த போப் நிறுவனத்தில் சேர்ந்து, அமெரிக்காவின் தொடக்க கால மோட்டார் வண்டிகளைச் செய்தவர்களில் ஒருவரானார்.

இஞ்சினுக்குள் வெடித்த சூடான வாயு வெளியேறும் வழி திறந்ததும் ஒரே மூச்சில் பாய்கிறது, அதுதான் சத்தம். துப்பாக்கியிலும் குண்டு குழலை விட்டு வெளியேறியதும் பின்னாலேயே வாயு பாய்கிறது. இரண்டும் ஒரே சிக்கல்தான். அந்த வாயுவை விரிய விட்டு, சுழல விட்டு, வேகம் தணிந்த பிறகு மெல்ல வெளியே அனுப்பினால் சத்தம் குறையும். குளியல் தொட்டியில் தண்ணீர் சுழன்றபடி வடிவதைப் பார்த்தபோதுதான் இந்த யோசனை வந்தது என்று அவர் சொன்னதாகப் படித்தேன். துப்பாக்கி ஒலியடக்கிக்கான அவருடைய புகழ்பெற்ற காப்புரிமை 1909 மார்ச் 30-இல் கிடைத்தது, எண் 916,885. ஹார்ட்ஃபர்டில் சொந்த நிறுவனம் தொடங்கி, சில டாலர் விலைக்குத் தபாலிலேயே விற்றார். துப்பாக்கியையும் வண்டியையும் இப்படி ஒரே கண்ணால் பார்த்தவர் அவர். ஒன்றுக்கொன்று கைகொடுத்துத்தான் இரண்டும் வளர்ந்திருக்கின்றன.

ஏன் செய்தார் என்பதற்கு அவரே சொன்ன காரணம் எளிமையானது. குறிபார்த்துச் சுடுவது அவருக்குப் பிடிக்கும், ஆனால் அந்தச் சத்தம் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தருகிறதே என்ற எண்ணத்தில் அந்த விளையாட்டை நிம்மதியாக அனுபவிக்க முடியவில்லை. அவ்வளவுதான். அப்பாவுக்கோ வாழ்நாளெல்லாம் துப்பாக்கிகளுக்கு நடுவில் நின்று கடைசிக் காலத்தில் காது கேட்காமலே போய்விட்டது.

அக்கம்பக்கத்தாரை நினைத்து ஒருவன் செய்த பொருள், கூலிக்கொலைகாரனின் கருவியாக எப்படி மாறியது? அந்த மனிதருக்கு நாம் அநியாயம் செய்கிறோம் என்பது என் கட்சி.

---

மழைக்குருவி

நல்ல தொடக்கம் ஐயா. நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, திரைப்படத்தில் பார்த்ததுதான். அங்கே சைலன்சர் மாட்டினால் "ப்சுக்" என்று இருமல் போல ஒரு சத்தம், பக்கத்து அறையில் இருப்பவர் செய்தித்தாளை மடிக்காமல் படித்துக்கொண்டிருப்பார். உண்மையிலேயே அவ்வளவுதான் கேட்குமா?

---

செவிவழி

கேட்காது, மழைக்குருவி. அதாவது, அவ்வளவு குறைவாகக் கேட்காது. செவித்திறன் பரிசோதனைதான் என் தொழில், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

டெசிபல் கணக்கு மற்ற அளவுகளைப் போல நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு, 30 கூடினால் ஆயிரம் மடங்கு. சாதாரணத் துப்பாக்கிகளின் ஒலி உச்சம் சுமார் 140 முதல் 170-க்குச் சற்று மேல் வரை இருக்கும். நல்ல ஒலியடக்கி அதில் ஏறக்குறைய 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கிறது. 30 குறைந்தது என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பங்கு ஆற்றலில் 999 பங்கு போய்விட்டது என்று பொருள். பெரிய சாதனைதான். ஆனாலும் 165-இலிருந்து 30 போனால் மிச்சம் 135.

நமக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிடுகிறேன். இந்தியாவில் பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை சட்டம் அனுமதிக்கிறது. அளக்கும் தூரமும் முறையும் வேறு என்பதால் எண்ணுக்கு எண் பொருத்தக் கூடாது, ஆனால் எந்த அளவிலான சத்தம் என்று புரியும். ஒலியடக்கி மாட்டிய ரைபிள் தீபாவளி வெடிக்குச் சொந்தக்காரன், இருமலுக்குச் சொந்தக்காரன் இல்லை.

பிறகு எதற்கு அது? 140 டெசிபல் என்பது ஒரு கோடு. அதற்கு மேலே போகும் ஒரே ஒரு வெடிச்சத்தம்கூட உள்காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம் என்பதுதான் வேலையிடப் பாதுகாப்பு விதிகளிலும் ராணுவ விதிகளிலும் உள்ள எல்லை. உள்காதில் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. மனிதனுக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. 165-ஐ 135-ஆக ஆக்குவது அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவருவது. பெர்சி மேக்சிம் தன்னை அறியாமலே ஒரு மருத்துவக் கருவியைச் செய்துவிட்டார் என்று நான் நினைக்கிறேன்.

---

ஹவில்தார்_ஓய்வு

அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. நான் சேர்ந்தது எண்பதுகளில், அப்போது எங்கள் கையில் 7.62 எஸ்.எல்.ஆர். ரைபிள். சுடுதளத்தில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டால் அதுவே பெரிய ஏற்பாடு. வைக்காதவனைத்தான் வீரன் என்பார்கள். இன்று இரவில் மின்விசிறியை நிறுத்தினால் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது. பதினைந்து வருடமாக நிற்காமல் கத்துகிறது.

மழைக்குருவி தம்பி கேட்டதற்கு ஒரு சேர்க்கை. சுடுதளத்தில் இலக்குப் பலகைக்குக் கீழே குழிக்குள் உட்கார்ந்து மதிப்பெண் குறிக்கும் வேலை முறை போட்டு வரும். 300 மீட்டரில் இருந்து சுடுவார்கள், குண்டு தலைக்கு மேலே போகும். அந்தக் குழிக்குள் உட்கார்ந்தவனுக்கு ஒரு சுடுதலுக்கு இரண்டு சத்தம் கேட்கும். முதலில் தலைக்கு நேர் மேலே சாட்டையைச் சொடுக்கியது போல "படீர்". அரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி. பிறகு தூரத்தில் "தொம்".

"தொம்" என்பது துப்பாக்கி வாயிலிருந்து வரும் சத்தம். அது விநாடிக்கு 340 மீட்டர் வேகத்தில் நடந்து வருகிறது. "படீர்" என்பது குண்டே உண்டாக்குவது. எஸ்.எல்.ஆர். குண்டு விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல் பாய்கிறது, ஒலியை விட வேகமாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஒலியடக்கி "தொம்"மைத்தான் அடக்கும். "படீர்" மேல் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை, ஏனென்றால் அது குழலுக்கு வெளியே வழி நெடுகப் பிறக்கிறது.

எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்தது இதுதான்: "படீர்" கேட்ட பக்கம் திரும்பாதே, "தொம்" எங்கிருந்து வருகிறது என்று கேள், சுட்டவன் அங்கேதான் இருக்கிறான். அந்தத் "தொம்" இல்லாமல் போனால்? சுடுகிறார்கள் என்று தெரியும், எங்கிருந்து என்று தெரியாது. படைக்கு ஒலியடக்கியால் கிடைக்கும் பெரிய பயன் அதுதான். காது கேட்காத அமைதிக்காக எந்த ராணுவமும் அதை வாங்குவதில்லை.

---

செவிவழி

ஐயா, ஒரே ஒரு கேள்வி. சில்வண்டு சத்தம் இடது காதில்தானே அதிகம்?

---

ஹவில்தார்_ஓய்வு

ஆமாம் அம்மா, இடதுதான். எப்படிச் சொன்னீர்கள்?

---

செவிவழி

வலது தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடது காது குழல் வாய்ப் பக்கம் திரும்பி இருக்கும். வலது காது தலையின் மறைவில், தோளுக்கு அருகில் ஒதுங்கிவிடும். என்னிடம் வரும் ஓய்வுபெற்ற காவலர்கள், படைவீரர்கள் பலரின் செவிவரைபடத்தில் இடது கோடு வலதுக்குக் கீழே தொங்கும். கோட்டைப் பார்த்தே எந்தக் கையால் சுட்டவர் என்று ஊகித்துவிடலாம். நீங்கள் ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரைச்சலை முழுவதும் நீக்க முடியாவிட்டாலும் தூக்கம் வரும்படி குறைக்க வழி இருக்கிறது.

---

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: வரலாறு, இயற்பியல், சட்டம், மருத்துவம் எதையும் பேசலாம். எப்படிச் செய்வது, எதைக் கொண்டு செய்யலாம் என்ற கேள்வி வேண்டாம். அப்படி வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன்.

---

நூலகன்

பழையபட்டறை ஐயாவின் பரிவு புரிகிறது. ஆனால் "அநியாயம்" என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பொருள் எதற்காகப் பிறந்தது என்பதோடு அதன் வரலாறு முடிந்துவிடாது. இரண்டாம் உலகப் போரைத் தவிர்த்துவிட்டு ஒலியடக்கியின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை.

பிரிட்டனில் வெல்வின் கார்டன் சிட்டிக்கு அருகே 'தி ஃபிரித்' என்ற மாளிகையை எஸ்.ஓ.ஈ. என்ற இரகசியப் போர் அமைப்பு எடுத்துக்கொண்டு, அதற்கு ஒன்பதாம் நிலையம் என்று பெயர் வைத்தது. அங்கே செய்த பொருள்களுக்கு ஊர்ப் பெயரை ஒட்டி 'வெல்' என்று தொடங்கும் பெயர்கள். அவற்றில் ஒன்று வெல்ராட் கைத்துப்பாக்கி. அதன் படத்தை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். துப்பாக்கி என்று நினைக்கத் தோன்றாது. கைப்பிடியாக இருப்பதே தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி. அதைக் கழற்றிவிட்டால் மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பு போல ஒரு கறுப்புக் குழாய்தான் மிஞ்சும். செய்தவர் பெயரோ ஊரோ அதன் மேல் பொறிக்கப்படவில்லை, பிடிபட்டால் எங்கிருந்து வந்தது என்று தெரியக் கூடாதே. ஒவ்வொரு முறையும் கையால் பின்முனையைத் திருகி இழுத்துத்தான் அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும், ஏனென்றால் தானாக ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில் இரும்பு இரும்போடு மோதும் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே இருந்த ரப்பர் வட்டுகளைக் குண்டு துளைத்துக்கொண்டு போகும், அதனால் சில தோட்டாக்களிலேயே அவை நைந்துவிடும். சிலவே போதும் என்று நினைத்து வடிவமைத்த கருவி அது. அதில் அக்கம்பக்கத்தார் நலன் எங்கே இருக்கிறது?

அதே போரில் வில்லியம் காட்ஃபிரே டி லைல் செய்த குட்டை ரைபிள் இன்னொன்று. லீ என்ஃபீல்டு ரைபிளின் உடலில் .45 கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் குழல், அதைச் சுற்றிப் பருத்த ஒலியடக்கி. ஹவில்தார் ஐயா சொன்ன "படீர்" இதில் பிறக்காது, ஏனென்றால் .45 தோட்டா ஒலியை விட மெதுவாகப் போகிறது. செய்யப்பட்டவை நூற்றுச்சொச்சம்தான். துப்பாக்கிச் சத்தம் திரைப்படத்தில் காட்டுவது போல உண்மையிலேயே அடங்கியது என்றால், அது இந்த இரண்டு போன்ற ஒரு சிலவற்றில்தான்.

சோவியத் தரப்பில் மீத்தின் சகோதரர்கள் செய்த பிராமித். ரைபிளுக்கும் பொருத்தினார்கள், நாகான் சுழல்துப்பாக்கிக்கும் பொருத்தினார்கள். பொதுவாகச் சுழல்துப்பாக்கியில் ஒலியடக்கி பயன்படாது, தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியே வாயு பீறிடும், வாயை மூடி மூக்கைத் திறந்து வைத்தது போல. பெல்ஜியத்தின் லியோன் நாகான் 1895-இல் செய்த துப்பாக்கியில் மட்டும், சுத்தியலை இழுக்கும்போது உருளை முன்னே நகர்ந்து அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும். படங்களில் எந்தச் சுழல்துப்பாக்கியிலும் சைலன்சரைச் சொருகிக் காட்டும் இயக்குநர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

அமெரிக்க உளவமைப்பான ஓ.எஸ்.எஸ். கையில் எச்.டி.எம். என்ற .22 கைத்துப்பாக்கி. அதைச் செய்த ஹை ஸ்டாண்டர்டு நிறுவனம் பெர்சி மேக்சிம் வாழ்ந்த அதே கனெக்டிகட் மாநிலத்தில் இருந்தது. 1960 மே 1-இல் சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க உளவு விமானம் யூ-2-இன் விமானி கேரி பவர்ஸிடம் இருந்ததும் ஒலியடக்கி பூட்டிய ஹை ஸ்டாண்டர்டுதான். மாஸ்கோவில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். வியட்நாமில் அமெரிக்கக் கடற்படையின் சீல் வீரர்கள் காவல் நாய்களைச் சுடுவதற்காகவே 'ஹஷ் பப்பி' என்று ஒன்றை வைத்திருந்தார்கள்.

இத்தனையும் நடந்த பிறகு, அதைக் கொலைக் கருவி என்று மக்கள் நினைப்பதில் என்ன அநியாயம்?

---

பழையபட்டறை

நூலகன் தம்பி, நீங்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. வெல்ராட் படத்தைத் தேடிப் பார்த்தேன், உண்மையிலேயே காற்றடிக்கும் பம்புதான். வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் மேக்சிமின் 1910 மாதிரியையும் அதே போலப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. துளை குழாயின் நட்டநடுவில் இல்லை, மேல் விளிம்பை ஒட்டி இருக்கிறது. எந்தக் கடைசல்காரனும் துளையை நடுவில்தான் போடுவான், அதுதான் எளிது. இவர் ஏன் சிரமப்பட்டு ஓரத்தில் போட்டார்? குழாயின் பருமன் எல்லாம் குழலுக்குக் கீழே தொங்கட்டும், மேலே உள்ள குறிமுள்ளை மறைக்க வேண்டாம் என்பதற்காக. துப்பாக்கி வைத்திருப்பவன் தான் பழகிய அதே குறியோடு சுடலாம். அமெரிக்க ராணுவமும் இதை வாங்கிச் சோதித்துப் பார்த்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதைத் தபாலில் வாங்கியவர்கள் பெரும்பாலும் பண்ணைக்காரர்கள், குறிசுடும் கழகத்தார். ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டே தன் வின்செஸ்டர் ரைபிளில் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். ஒளித்து வைக்கும் பொருளாக அது அன்று இல்லை.

என் ஆதங்கம் இதுதான்: 1909-க்கும் 1939-க்கும் நடுவில் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த முப்பது ஆண்டுகளை நாம் மறந்துவிட்டோம்.

---

பனித்தமிழ்

வணக்கம் அண்ணை. நோர்வேயில் இருந்து எழுதுகிறேன். ஓஸ்லோவுக்கு வடக்கே காட்டோரக் கிராமம் ஒன்றில் முப்பது வருடமாக இருக்கிறோம். நீங்கள் மறந்துவிட்டோம் என்று சொல்லும் அந்த முப்பது ஆண்டுகள் இங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'துவக்கு' என்போம். நான் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவன். இங்கே வந்த முதல் இலையுதிர்காலத்தில் எல்க் மான் வேட்டை தொடங்கிய நாளில் காட்டுக்குள் வெடிச்சத்தம் கேட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிலத்தில் படுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு முதியவர் கண்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் வேட்டைக்காலத்துக்கு முதல்நாள் வந்து கதவைத் தட்டி, துவக்கின் முனையில் பூட்டியிருந்த கறுப்புக் குழாயைக் காட்டி, "இனி இவ்வளவு பயமாக இராது" என்றார். விலை கொடுத்து வாங்கியிருந்தார். எனக்காக மட்டுமல்ல, தன் காதுக்காகவும் தன் வேட்டை நாயின் காதுக்காகவும் என்றார். நாயின் காதில் பஞ்சு வைக்க முடியாதல்லவா?

நோர்வேயில் துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், பெரிய விலங்குகளை வேட்டையாடுகிறவர் ஒவ்வொரு வருடமும் சுடும் தேர்வில் தேற வேண்டும். அதில் நெகிழ்வே இல்லை. ஆனால் ஒலியடக்கிக்கு எந்த அனுமதியும் வேண்டாம். வேட்டைச் சாமான் கடையில் காலணிகளுக்குப் பக்கத்துத் தட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கே அதற்குப் பெயர் 'லிட்டெம்பர்', ஒலியைத் தணிப்பது என்று பொருள். காரின் சைலன்சருக்கும் அதே சொல்தான். உங்கள் பட்டறைக்கு வந்த பையனிடம் சொல்லுங்கள்.

---

டெக்சாஸ்_பாண்டி

அமெரிக்காவில் சட்டம் எப்படி வந்தது என்பதை நான் சொல்கிறேன், இங்கே அதைப் பற்றிய பேச்சு எப்போதும் நடந்துகொண்டே இருக்கும்.

மதுவிலக்குக் காலத்துக் கும்பல் சண்டைகளுக்குப் பிறகு 1934 ஜூன் 26-இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் கையெழுத்தானது. இயந்திரத் துப்பாக்கி, குழல் குறைத்த துப்பாக்கி ஆகியவற்றோடு ஒலியடக்கியும் பட்டியலில் சேர்ந்தது. பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 200 டாலர் வரி. சில டாலர் பொருளுக்கு 200 டாலர் வரி! பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம், ஒரு தொழிலாளியின் பல வாரக் கூலி அது. முதலில் கைத்துப்பாக்கிகளும் அந்தச் சட்ட முன்வரைவில் இருந்தன, எதிர்ப்பு வந்ததும் அவற்றை எடுத்துவிட்டார்கள். ஒலியடக்கிக்காகப் பேச ஆளில்லை. அதை ஏன் சேர்த்தோம் என்று அந்த விசாரணைப் பதிவுகளில் விளக்கம் என்று சொல்லும்படி எதுவுமே இல்லை. பசிக் காலத்தில் திருட்டு வேட்டைக்குப் பயந்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள், அது பின்னால் வந்த ஊகம்.

பெர்சி மேக்சிமின் நிறுவனம் அதற்கு முன்பே துப்பாக்கிப் பக்கத்தை விட்டு, இஞ்சின்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஒலியடக்கி செய்யத் திரும்பிவிட்டது. அவர் 1936 பிப்ரவரியில் இறந்தார்.

அந்த 200 டாலர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு சதம்கூட மாறவில்லை. 2025-இல் வந்த சட்டத்தால்தான் 2026 ஜனவரி 1 முதல் அது பூஜ்யமாகியது. பதிவும் கைரேகையும் அப்படியே தொடர்கின்றன. 42 மாநிலங்களில் பொதுமக்கள் வைத்துக்கொள்ளலாம், கலிபோர்னியா, நியூயார்க் உள்ளிட்ட எட்டில் முடியாது.

ஹவில்தார் ஐயா சொன்னதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உடன் வேலை பார்ப்பவரின் பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை. ஒரு நாள் மாலை அவரோடு போனேன். ஒலியடக்கி மாட்டிய ரைபிளால் ஒரு பன்றியைச் சுட்டார். மற்றவை ஓடவில்லை. தலையைத் தூக்கி நாலா பக்கமும் பார்த்தன, ஒன்று எங்களை நோக்கியே நாலடி வந்தது. சத்தம் அவற்றுக்கு நன்றாகவே கேட்டது, எனக்கும் கேட்டது. எந்தப் பக்கம் ஆபத்து என்றுதான் தெரியவில்லை.

---

நூலகன்

பாண்டி அண்ணா, நீங்கள் கடைசியில் சொன்ன அந்தப் பன்றியின் இடத்தில் மனிதர்களை வைத்துப் பார்க்காமல் என்னால் படிக்க முடியவில்லை.

2019 மே 31-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் ஒருவன் 12 பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் கையில் .45 கைத்துப்பாக்கி, அதில் ஒலியடக்கி. மெதுவாகப் போகும் தோட்டா என்று மேலே நான் எழுதிய அதே வகை. தச்சர்கள் ஆணி அடிக்கும் இயந்திரத்தின் சத்தம் என்று நினைத்ததாக அங்கிருந்து தப்பியவர்கள் சொன்னார்கள். துப்பாக்கிச் சத்தம் ஓர் எச்சரிக்கையும்கூட. ஓடு, கதவைச் சாத்து, மேசைக்கடியில் ஒளி என்று சொல்லும் மணி அது. அந்த மணியின் நாக்கைப் பிடித்துவிட்டால் சில விநாடிகள் போய்விடும்.

நோர்வே அண்ணையின் அயலவரை நான் வணங்குகிறேன். ஆனால் அங்கே துவக்கு யார் கைக்குப் போகிறது என்பதை முதலில் பார்க்கிறார்கள், அதனால் குழாயைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடிகிறது. வரிசையை மாற்றினால் அதே பொருள் வேறு பொருளாகிவிடும்.

---

டெக்சாஸ்_பாண்டி

அந்த நாளை நான் மறக்கவில்லை, தம்பி. ஆனால் இங்கே பதிவு செய்யப்பட்ட ஒலியடக்கிகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. குற்றங்களில் அவை வருவது மிக அரிது. காதைக் காக்க வாங்குகிறவர்களை அந்த ஒருவனை வைத்து எடை போட முடியுமா?

---

நூலகன்

நான் அவர்களை எடை போடவில்லை. பதிவு, கைரேகை, காத்திருப்பு எல்லாம் இருந்ததால்தான் அரிதாக இருக்கிறது என்கிறேன். அவற்றை வைத்துக்கொண்டு வரியை மட்டும் நீக்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்து பதிவையும் நீக்கு என்கிறார்களே, அங்கேதான் நான் நிற்கிறேன்.

---

ஹவில்தார்_ஓய்வு

படை விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்க மரைன் படை 2020 முதல் காலாட்படை வீரர்கள் எல்லாருக்கும் ஒலியடக்கி கொடுக்கத் தொடங்கியது. அவர்களுடைய தரைப்படை 2022-இல் தேர்ந்தெடுத்த புதிய ரைபிளோடு ஒலியடக்கியும் சேர்ந்தே வருகிறது. இரகசியப் பிரிவுக்கு மட்டும் என்ற காலம் போய்விட்டது. காரணங்களில் ஒன்று, வீரர்களின் காது. இன்னொன்று, குழுத்தலைவன் கத்துகிற ஆணை பத்தடி தள்ளி நிற்பவனுக்குக் கேட்க வேண்டும்.

எங்கள் காலத்தில் ஆணை கேட்காமல் ஒருவன் எழுந்து நின்றுவிட்ட நாள் ஒன்று உண்டு. சுடுதளத்தில்தான், பயிற்சியில்தான். "நிறுத்து" என்று மூன்று முறை கத்தினார்கள். அவன் இடப்பக்கத்தில் நான் சுட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

---

செவிவழி

பெயரைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். 'சைலன்சர்' என்பது மேக்சிம் விளம்பரத்துக்காக வைத்த பெயர். அமைதியாக்கும் என்ற வாக்குறுதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. திரைப்படம் அந்த வாக்குறுதியை நம்பிவிட்டது, சட்டம் எழுதியவர்களும் நம்பிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. நோர்வே மொழியில் தணிப்பது, பிரிட்டனில் மட்டுப்படுத்துவது என்று அடக்கமான சொற்கள். தமிழில் நாம் எழுதும் 'ஒலியடக்கி'யும் கொஞ்சம் மிகையோ? 'ஒலிக்குறைப்பான்' என்று எழுதலாமா?

---

மழைக்குருவி

ஒலியடக்கி என்பதே நாக்குக்கு இதமாக இருக்கிறது அக்கா. அடக்கினால் முழுவதும் இல்லாமல் போவதாகப் பொருள் இல்லையே. சிரிப்பை அடக்குகிறோம், அது கண்ணில் தெரிந்துவிடுகிறது.

---

செவிவழி

ஏற்றுக்கொண்டேன். ஒலியடக்கியே இருக்கட்டும்.

---

அலைவரிசை14

தாமதமாக வருகிறேன். நான் அமெச்சூர் வானொலிக்காரன். நீங்கள் எல்லாரும் பேசும் பெர்சி மேக்சிமை எங்களுக்கு வேறு விதமாகத் தெரியும். இத்தனை பதிவுகளில் அதை யாரும் சொல்லவில்லையே என்று பதறி எழுதுகிறேன்.

1914 ஏப்ரலில் ஹார்ட்ஃபர்டிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒரு செய்தி அனுப்பப் பார்த்தார். ஒரு கிலோவாட் நிலையம் வைத்திருந்தும் எட்டவில்லை. நடுவில் வின்ட்சர் லாக்ஸ் என்ற ஊரில் இருந்த ஒரு வானொலி ஆர்வலரைப் பிடித்து, அவர் மூலம் கைமாற்றி அனுப்பினார். ஊருக்கு ஊர் இப்படிக் கைமாற்றினால் நாடு முழுவதும் போகலாமே என்ற எண்ணத்தில் கிளாரன்ஸ் டஸ்காவோடு சேர்ந்து அமெரிக்க வானொலி அஞ்சல் கழகத்தை அந்த ஆண்டே தொடங்கினார். ஏ.ஆர்.ஆர்.எல். என்று உலகம் முழுக்க அறிந்த அமைப்பு அதுதான். அவருடைய அழைப்புக்குறி 1ஏ.டபிள்யூ. அவர் இறந்த பிறகு கழகத்தின் நிலையத்துக்கு டபிள்யூ1ஏ.டபிள்யூ என்று அதையே சூட்டினார்கள். கனெக்டிகட்டின் நியூவிங்டனில் அது இன்றும் இயங்குகிறது, மோர்ஸ் பயிற்சி ஒலிபரப்புகிறது.

---

பழையபட்டறை

தம்பி, இதை நான் எங்கேயும் கவனிக்கவில்லை. இங்கே தமிழ்நாட்டில் அது கேட்குமா?

---

அலைவரிசை14

எல்லா நாளும் கேட்காது ஐயா. வானம் ஒத்துழைக்க வேண்டும். 14.0475 மெகாஹெர்ட்சில் விடியும் நேரத்தில் காத்திருப்பேன். பெரும்பாலும் வெறும் இரைச்சல்தான், ஹவில்தார் ஐயாவின் சில்வண்டு போல. சில நாளில் அதற்கு அடியிலிருந்து மெல்லியதாக எழும்பும். நேற்றுக் காலை எழும்பியது. என் வானொலியின் ஒலியளவை முக்கால் பங்கு குறைத்து வைத்திருந்தேன், வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் எழுத்தைப் பிடித்துவிட்டேன்: குறில், நெடில், நெடில். அது டபிள்யூ.

---

பழையபட்டறை

அடுத்த முறை கேட்கும்போது பதிவு செய்து இங்கே போடுங்கள். அந்தப் பையன் மறுபடி வந்தால் அவனுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.